காபி டப்பாவின் அடிப்பாகம்

வீட்டுல என்னென்ன தீர்ந்து போகலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுப் பாருங்க மக்களே.

உப்பு தீரலாம். ஒண்ணும் பிரச்சினை இல்லை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் கொடுப்பாங்க. கேஸ் தீரலாம். மூலையில இன்னொரு சிலிண்டர் நிக்கும். அரிசி தீர்ந்தா ராத்திரிக்கு ரவை உப்புமா (அதுக்கு எங்க வீட்டுல ஒரு உள்நாட்டுக் கலவரமே நடக்கும், அது தனிக் கதை). மொபைல்ல டேட்டா தீர்ந்தா ரீசார்ஜ். மாசக் கடைசியில சம்பளம் தீர்ந்தா... சரி விடுங்க, அதெல்லாம் பழகிப் போச்சு.

ஆனா காபிப் பொடி தீர்ந்தா? அதுவும் நல்ல காபிப் பொடி?

விடியற்காலையில ஸ்பூன் போய் டப்பாவோட அடியில 'டங்'னு இடிக்கிற சத்தம் இருக்கே, அதுக்கு ஈடான பயங்கரமான சத்தம் இன்னும் கண்டுபிடிக்கப்படலை. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் சர்வர் படுத்துடுச்சுன்னு போன் அடிச்சாக் கூட எனக்கு இவ்ளோ பதட்டம் வராது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிடலாம். பொடி இல்லாத ஃபில்டரை என்ன பண்றது?

"இதுக்கு ஏன்டா இவ்ளோ பில்டப்பு, பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி பொடி வாங்கிக்க வேண்டியது தானே"ன்னு கேப்பீங்க. வாங்கலாம் தான். ஆனா காபிப் பொடி உப்பு மாதிரி கிடையாதுங்க. உப்பு எல்லா வீட்லயும் உப்பு தான். பொடி அப்படி இல்லை, ஒவ்வொரு வீடும் ஒரு தனிக் கட்சி. எதிர் வீட்டுல பிளான்டேஷன் ஏ, சிக்கரின்னு பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க. பக்கத்து வீட்டுல சரி பாதி சிக்கரி, அவங்களுக்கு டிகாஷன் கறுப்பா பளபளன்னு இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம் தான். எங்க வீடு பீபெரி, எண்பதுக்கு இருபது. கடன் வாங்கின பொடியில போட்ட காபியைக் குடிச்சுட்டு எங்கப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டார். டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பார். அந்த நாலு அங்குலத்துல ஒரு கண்டனத் தீர்மானமே இருக்கும்.

"அப்போ ரெண்டு கிலோ வாங்கி ஸ்டாக் வச்சுக்க வேண்டியது தானே"ன்னு அடுத்த கேள்வி வரும். இங்க தான் மேட்டரே இருக்கு. துவரம்பருப்பை ஆறு மாசம் வைக்கலாம். புளி பழசாக ஆக நல்லது. நல்ல காபிப் பொடியைப் பதுக்க முடியாது. வறுத்த கொட்டைக்குள்ள கரியமில வாயுவும் வாசனையும் அடைபட்டுக் கிடக்கும். முழுக் கொட்டையா இருக்கிற வரைக்கும் மெதுவா வெளிய போகும். அரைச்சுட்டோம்னா கதவைத் திறந்து விட்ட மாதிரி தான். ஒரு பக்கம் வாசனை வெளிய போகுது, இன்னொரு பக்கம் காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் உள்ள வந்து வேலையைக் காட்டுது. ரெண்டு வாரம் தாண்டினா அது பிரவுன் கலர் தூள், அவ்வளவு தான். நிறைய வாங்கினா பழசாகும், கொஞ்சமா வாங்கினா தீர்ந்து போகும். என் வேலையில இதுக்கெல்லாம் பெரிய பெரிய பேர் வச்சு மணிக்கணக்கா மீட்டிங் போடுவோம். எங்கம்மா எந்த மீட்டிங்கும் இல்லாம முப்பது வருஷமா வாரா வாரம் கால் கிலோன்னு முடிச்சுட்டாங்க.

எங்க ஆயா காலத்துல இந்தப் பயம் இவ்ளோ இல்லை. வறுக்காத பச்சைக் கொட்டை மாசக்கணக்கா கெடாம இருக்கும். பானையில கொட்டை இருக்கும், வேணுங்கிறப்போ வறுத்து, ஜன்னல் கட்டையில திருகி மாட்டின கை மெஷின்ல அரைச்சுக்குவாங்க. அந்த மெஷின் இப்பவும் பரண் மேல இருக்கு, கைப்பிடி தான் இல்லை. வறுக்கிற வேலையைக் கடைக்காரர் கிட்ட விட்டோம். அதோட பயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்களுக்குக் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். பட்டுத்தறி வீடு. ஆயா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ இங்க காபி கிடையாதாம். காலையில நீராகாரம், மத்தியானம் யாராவது தெருமுனைக் கடையிலேருந்து தூக்குல டீ வாங்கிட்டு வருவாங்க. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதின 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ங்கிற புத்தகத்தைப் படிச்சப்போ தான் எனக்கு இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைன்னு புரிஞ்சுது. போன நூற்றாண்டோட ஆரம்பத்துல காபி தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சப்போ அதைத் திட்டாத பெரியவங்க இல்லை. நீராகாரத்தை ஒழிச்சுடுச்சு, உடம்பைக் கெடுக்குதுன்னு ஒரே புலம்பல். இன்னொரு பக்கம் காபி நடுத்தர வர்க்கத்துக்கு கௌரவ அடையாளமா ஆகிடுச்சு, டீ உழைக்கிறவங்க பானமா நின்னுடுச்சு.

அதனால எங்க தாத்தா ஒரு பித்தளை ஃபில்டரை வாங்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சது சும்மா பாத்திரம் வாங்கின கதை இல்லைங்க. "கூலிக்கு நெய்யிறவன் வீட்ல இன்னா காப்பி வேண்டிக் கெடக்கு"ன்னு தெருவுல பேசினாங்களாம். ஆயா இதை நூறு தடவை சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கடைசியில ஃபில்டரை ஒரு துடை துடைச்சு வைப்பாங்க.

தறி வீட்டுல காபிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தறிக்கிட்ட காபி வரக்கூடாது. ஒரு சொட்டு பட்டுல விழுந்துச்சுன்னா அவ்ளோ தான், பத்து பதினஞ்சு நாள் வேலை போச்சு. காபி குடிக்கணும்னா குழியிலேருந்து காலை எடுத்து, எழுந்து, திண்ணைக்கு வரணும். கோர்வைச் சேலைன்னா உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். மூணு நாடா ஓடணும். நெய்யிறவர் ஒருத்தர், பக்கத்துல உக்காந்து ஒரு கரைக்கு நாடா தள்ளுறவர் ஒருத்தர். ஸ்கூல் லீவுல நான் தான் அந்த ரெண்டாவது ஆள். ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர் சும்மா உக்கார வேண்டியது தான். அதனால காபின்னா ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்திருக்கணும். எங்கப்பா என்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதெல்லாம் அந்தத் திண்ணையில தான். அந்த டம்ளர் காலியாகிற வரைக்கும் தான்.

இப்போ பீதி வரலாற்றுக்கு வருவோம். எங்க வீட்டு டப்பா மூணு தடவை ஆட்டம் கண்டிருக்கு.

முதல் தடவை 2019. அத்திவரதர். 40 வருஷத்துக்கு ஒரு தடவை வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள்ளேருந்து வெளிய வர்றவருக்கு ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் விழா நடந்துச்சு. கூட்டம் லட்சம் லட்சமா வந்துச்சு. வெளியூர் வண்டியை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திட்டாங்க. நான் அப்போ இன்ஜினியரிங்கை முடிச்சுட்டு, கம்பெனியிலேருந்து எப்போ கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு வீட்ல வெட்டியா இருந்த நேரம்.

காஞ்சிபுரத்துல சொந்தக்காரன் இருக்கான்ங்கிற விஷயம் அந்த 48 நாள்ல தான் பல பேருக்கு ஞாபகம் வந்துச்சு. அப்பாவோட பெரியப்பா பையனோட மச்சான் குடும்பம், அம்மா சின்ன வயசுல குடியிருந்த தெருவுல இருந்தவங்க, என் கூட எட்டாவது படிச்சவனோட அத்தை... ராத்திரி வந்து கூடத்துல படுப்பாங்க, விடியறதுக்குள்ள க்யூவுல நிக்கப் போவாங்க. போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் காபி. சாயந்திரம் கசங்கிப் போய் வருவாங்க, எல்லாருக்கும் காபி. ஒரு நாள் கணக்குப் போட்டேன், 31 டம்ளர்! வாரத்துக்கு கால் கிலோங்கிற எங்கம்மாவோட திட்டக் கமிஷன் அன்னிக்கே கலைஞ்சுது.

பொடி வாங்கிட்டு வர்றது என் டிபார்ட்மென்ட். கூட்டத்துக்கு எதிர்த் திசையில, கால் கிலோ பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடந்து வர்றது இருக்கே, பெருமாளே பக்கத்துல போனாலும் கும்பிடக் கை கிடையாது. அம்மா ஒரு நாள் அடுப்படியில மெதுவா சொன்னாங்க, "அவரு நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள எதுவும் கேக்காம இருக்காரு. இதுங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா காபி வேணுமாம்." அடுத்து அவர் வர்றது 2059-ல. அம்மா இப்பவே சொல்லிட்டாங்க, அந்த வருஷம் வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடணுமாம் :-)

ரெண்டாவது தடவை அதுக்கு அப்படியே நேரெதிர். 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு டிவியில அறிவிப்பு, நடுராத்திரியிலேருந்து நாடே மூடல். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம், லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். தெருவுல ஒரு ஜீவன் இல்லை. ஒரு சொந்தக்காரர் வரலை. டம்ளர் கணக்கு குறைஞ்சிருக்கணும் இல்லையா? குறைஞ்சுது. ஆனா நாங்க வாங்குற அரைவைக் கடை திறக்கவே இல்லை. கடைக்காரர் ஊருக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டார். மளிகைக் கடையில இருந்த பாக்கெட்டும் ரெண்டே நாள்ல காலி. டப்பாவுல இருந்தது ஒரு நூறு கிராம்.

அம்மா ரேஷன் ஆபீசரா அவதாரம் எடுத்தாங்க. முதல் டிகாஷன் அப்பாவுக்கும் ஆயாவுக்கும். ரெண்டாவது டிகாஷன் எனக்கும் அவங்களுக்கும். மூணாவது டிகாஷன்னு ஒண்ணு இருக்குங்கிறதே எனக்கு அப்போ தான் தெரியும். அது காபி இல்லை, காபியோட நினைவு நாள். காலையில பத்து மணிக்கு கேமராவை ஆஃப் பண்ணிட்டு நான் புடுங்கின ஆணியெல்லாம் வளைஞ்சு போனதுக்கு அந்தத் திரவம் தான் காரணம்.

ஆனா அந்த வருஷம் நின்னது ஃபில்டர் மட்டும் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் அடிபட்டுப் போச்சு. கல்யாணம் இல்லைன்னா பட்டுச்சேலை இல்லை. பட்டுச்சேலை இல்லைன்னா பிள்ளையார்பாளையத்துல சத்தம் இல்லை. நான் பொறந்ததிலேருந்து அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கி எழுந்தவன். ஒரு சேலை பாதியில நின்னு, மேல துணி போட்டு மூடி வச்சிருந்தோம். முதலாளி "கொஞ்ச நாள் பொறுங்க"ன்னார். கொஞ்ச நாள் பல மாசம் ஆச்சு. வீட்டுல வர்ற ஒரே வருமானம் என் சம்பளம். அரிசி, கேஸ், கரண்ட் பில், ஆயாவோட மாத்திரை எல்லாம் என் கணக்குக்கு மாறிச்சு. அப்பா எதுக்கும் எதுவும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு தான் சொன்னார்.

"பொடி மட்டும் நான் வாங்கிக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாங்க, நான் அம்மாவைப் பார்த்தேன். அதோட சரி. அன்னியிலேருந்து அது எங்க வீட்டு அரசியல் சட்டம். கடை திறந்தப்புறம் சனிக்கிழமை சாயந்திரம் அப்பா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவார், கால் கிலோவோட வருவார். பொட்டலம் சூடா இருக்கும். தெருவே மணக்கும்.

அந்த லாக்டவுன் ராத்திரிகள்ல தூக்கம் வராம, மத்த ஊர்க்காரங்க எல்லாம் காபி இல்லாம என்ன பண்ணாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். படிச்சா, நம்ம கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்லை போங்க.

பிரஷ்யாவுல ரெண்டாம் ஃபிரெடெரிக் ராஜா, காபி இறக்குமதியில காசு வெளிய போகுதுன்னு 1781-ல காபி வறுக்கிற உரிமையை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. திருட்டுத்தனமா வீட்ல வறுக்கிறாங்களான்னு தெருத்தெருவா மோப்பம் பிடிக்க பழைய சிப்பாய்களை வேலைக்கு வச்சார். ஆமாங்க, காபி மோப்பம் பிடிக்கிறது ஒரு கவர்மென்ட் உத்தியோகம்! எங்க எதிர் வீட்டு அக்கா அங்க பொறந்திருந்தா பதவி உயர்வு மேல பதவி உயர்வு வாங்கியிருப்பாங்க.

1806-ல நெப்போலியன் இங்கிலாந்தோட வியாபாரம் கூடாதுன்னு ஐரோப்பாவையே அடைச்சார். கப்பல் வரலை, காபி வரலை. அப்போ அங்க வீட்டுக்கு வீடு பரவினது என்ன தெரியுமா? சிக்கரி. ஒரு செடியோட வேர். வறுத்து அரைச்சா கறுப்பா, கசப்பா, கெட்டியா காபி மாதிரியே வேஷம் போடும். காஃபீன் மட்டும் துளி கிடையாது. நாம கும்பகோணம், மயிலாப்பூர்னு பெருமை பேசுற ஃபில்டர் காபியில பாதி வீட்டுல கலக்கிற இந்த வஸ்து, காபி தீர்ந்து போன ஊர்க்காரங்க அழுதுக்கிட்டே கண்டுபிடிச்சுக்கிட்ட சமாளிப்பு. பஞ்சத்துல வந்தது, பழகிப் பழகி ருசியாவே ஆகிடுச்சு.

எல்லாத்தையும் விட டாப்பு கிழக்கு ஜெர்மனி கதை தான். 1975 ஜூலையில பிரேசில்ல கடும் உறைபனி, காபித் தோட்டங்கள் கருகிப் போச்சு. உலக விலை எகிறி 1977-ல உச்சத்துக்குப் போச்சு. கிழக்கு ஜெர்மனி கிட்ட டாலர் இல்லை. அரசாங்கம் என்ன பண்ணுச்சு, 51 சதவீதம் காபி, மீதி சிக்கரி, கம்பு மாதிரி ஒரு தானியம், சர்க்கரைக் கிழங்குன்னு கலந்து ஒரு பொடியை இறக்குச்சு. காபி மெஷினெல்லாம் அடைச்சுக்கிச்சு. வாயைத் திறக்கவே பயப்படுற நாட்டுல ஜனங்க மூட்டை மூட்டையா புகார் எழுதினாங்க. கடைசியில அரசாங்கமே பின்வாங்குச்சு. அப்புறம் வியட்நாம்ல தோட்டம் போட ஒப்பந்தம் பண்ணி காசு கொடுத்தாங்க. மரம் வளர்ந்து காய்ச்சுக் குலுங்குற நேரத்துல, 1990-ல, கிழக்கு ஜெர்மனிங்கிற நாடே இல்லை. வியட்நாம் இன்னிக்கு உலகத்துல ரெண்டாவது பெரிய காபி விளைவிக்கிற நாடு.

இதுல எனக்குப் புல்லரிச்ச இடம் அந்த 51. நம்ம நாட்டுச் சட்டப்படியும் 'காபி - சிக்கரி கலவை'ன்னு விக்கணும்னா குறைஞ்சது 51 சதவீதம் காபி இருக்கணும். அதாவது, அங்க ஜனங்களைக் கொதிக்க வச்ச அதே அளவு, இங்க சட்டம் அனுமதிக்கிற கடைசிப் படி. நாம அதுல பால் ஊத்தி, நுரை பொங்க ஆத்தி, "ஆஹா"ன்னுட்டுப் போறோம். எதுக்குமே பொங்காதவங்கன்னு நம்மளைச் சும்மாவா சொல்றாங்க :-)

மூணாவது பீதி தான் பெரிசு. அதுல டப்பா காலியாகவே இல்லை.

2023, 24-ல வியட்நாம்ல வறட்சி, 2024-ல பிரேசில்லயும் வறட்சி. 2024 டிசம்பர்ல நியூயார்க் சந்தையில அராபிகா விலை 1977-ல பதிவான அந்த உச்சத்தைத் தாண்டுச்சு. 2025 பிப்ரவரியில ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல போச்சு. அது நியூயார்க்காரன் பாடுன்னு இருந்துட முடியாது. இந்தியாவுல விளையிற காபியில பெரும் பகுதி ஏற்றுமதி ஆகுது, அதனால அங்க ஏறினா கர்நாடகாவுல ஏறும், கர்நாடகாவுல ஏறினா காஞ்சிபுரத்துல கடைக்காரர் தராசுக்கு மேல தொங்குற விலைப் பலகையை அழிச்சு எழுதுவார்.

எங்க தறி திரும்ப ஓடுது, ஆனா முன்ன மாதிரி இல்லை. தங்கம் ஏறுது, வெள்ளி ஏறுது, கூடவே ஜரிகையும் ஏறுது. சேலை விலை ஏறினா வாங்குறவங்க யோசிக்கிறாங்க. அப்பாவோட கூலி எந்த வேகத்துல ஏறுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காபியை ஒரு வாய் குடிச்சேன். ஏதோ வித்தியாசம். டிகாஷன் கறுப்பு கூடியிருக்கு, வாசனை குறைஞ்சிருக்கு, நாக்குல ஒரு மண் கசப்பு லேசா நிக்குது. காபி ஆறினப்புறம் இன்னும் நல்லா தெரிஞ்சுது. பொட்டலக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்துல பென்சில்ல கடைக்காரர் கையெழுத்து: 60 - 40.

எண்பதுக்கு இருபது, அறுபதுக்கு நாப்பது ஆகியிருக்கு. யார் கிட்டயும் சொல்லலை. அதே கால் கிலோ, அதே சனிக்கிழமை, அதே சட்டை.

ஜரிகையில வெள்ளி எவ்ளோ, தங்கம் எவ்ளோன்னு கேக்குற ஊர் இது. பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பியைத் தட்டிச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். அது சரியா இருக்கான்னு ஒரு உரசல்ல சொல்ற ஆளுங்க இருக்காங்க. எங்கப்பாவே விரல்ல தடவிப் பார்த்து ஜரிகைக்கு மார்க் போடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் வீட்டு டப்பாவுல தானே கலப்படம் பண்ற மாதிரி வந்து நின்னிருக்கார். குடிக்கும்போது டம்ளரைத் தள்ளி வைக்கலை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சார். எனக்கு அது தான் தாங்கலை.

நான் நல்ல பொடி வாங்கிட்டு வந்து நேரா அவர் கையில கொடுக்க முடியாது. அது அரசியல் சட்டத் திருத்தம் ஆகிடும். அரிசிக்கும் கேஸுக்கும் விட்டுக் கொடுத்தவர் பிடிச்சு வச்சிருக்கிற ஒரே இலாகா அது.

அம்மாவும் நானும் அடுப்படியில மாநாடு போட்டோம். கணக்கு சிம்பிள். கால் கிலோ அறுபதுக்கு நாப்பதுல காபி 150 கிராம், சிக்கரி 100 கிராம். இதுல சிக்கரி கலக்காத சுத்தப் பொடி இன்னொரு கால் கிலோவைக் கலந்தா மொத்தம் அரைக் கிலோ. காபி 400, சிக்கரி 100. எண்பதுக்கு இருபது! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு எங்க வீட்டுக்குக் கிடைச்ச முதல் நேரடிப் பலன் இது தான்.

நான் வாரத்துல மூணு நாள் சென்னைக்கு ஆபீஸ் போறேன். வரும்போது கால் கிலோ சுத்தப் பீபெரி லேப்டாப் பைக்குள்ள வந்துடும். (பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் என் பையைப் பாசத்தோட பார்க்கிறார்.) அப்பா தறிக்குழியில இறங்கினதும் அம்மா டப்பாவைத் திறந்து, கலந்து, ஒரு குலுக்கு குலுக்கி, எடுத்த இடத்துலயே வச்சுடுவாங்க. திட்டம் பக்கா. ருசி திரும்பி வந்துடுச்சு. அப்பா முகத்துல ஒரு மாற்றமும் இல்லை. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சோம்.

ஒண்ணை மட்டும் நானும் அம்மாவும் யோசிக்கலை. கால் கிலோவை அரைக் கிலோ ஆக்கினா டப்பா எப்படித் தீரும்?

ரெண்டாவது சனிக்கிழமை அப்பா பொட்டலத்தோட வந்தார். டப்பாவைத் திறந்தார். பாதிக்கு மேல இருக்கு. அப்படியே கொஞ்ச நேரம் நின்னார். மூடியை மோந்து பார்த்தார். ரெண்டு விரல்ல ஒரு சிட்டிகை எடுத்து, ஜரிகையைப் பார்க்கிற மாதிரியே தேய்ச்சுப் பார்த்தார். நான் லேப்டாப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன்.

"இன்னாடி இது, டப்பா தீரவே மாட்டேங்குது?"

எங்கம்மா கொஞ்சமும் அசரலை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "ரெண்டு நாழி நெல்லை வச்சு முப்பத்திரண்டு அறம் நடத்தினவ ஊர்ங்க இது. காமாட்சிக்குக் கால் கிலோ காபிப் பொடி பெரிசா?"ன்னாங்க.

அப்பா ஒண்ணும் பேசலை. கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரிச்சு டப்பாவுல கொட்டினார். மூடியை அழுத்தி மூடினார். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினார். தறிக்குப் போற வழியில, என் நாற்காலியைத் தாண்டும்போது, யாரையும் பார்க்காம சொல்லிட்டுப் போனார்:

"கலக்கறது காமாட்சியா இருந்தாலும், ஈரக் கரண்டி போட வேணாம்னு சொல்லு."

டிஸ்கி: அடுத்த சனிக்கிழமையும் கால் கிலோ வாங்கிட்டு வந்தார். இப்போ எங்க வீட்டுல ரெண்டு டப்பா.